என்டரை அழுத்த வேண்டிய கை

இன்று காலை, நான் வேலை பார்த்த கும்மிடிப்பூண்டி கம்பெனியிலிருந்து கார்த்திகா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்றபின் கம்ப்யூட்டர் பிரிவில் என் நாற்காலிக்கு வந்த பெண். கெட்டிக்காரி. குரலிலேயே கோபம் கொதித்தது.

"சார், ஷாப்புல ஒரு மிஷின் பூட் ஆகல. லைவ் பென் டிரைவ்ல லினக்ஸ் ஓட்டினு கீறேன். அதுல ஒரு சாஃப்ட்வேர் இன்ஸ்டால் பண்ணணும். அட்மின் பாஸ்வேர்டே கேக்கல, சும்மா உள்ள வுட்டுடுச்சு. ஆனா இங்க இருக்குற ஆபரேட்டர் என்டர் அழுத்த வுட மாட்டேங்கிறாரு சார். இன்னா பண்ணப் போறேன்னு மொதல்ல வாயால சொல்லணுமாம். ஒரே பேஜாரு!"

நான் சிரித்துவிட்டேன். அது அவளுக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது. "அவர் சொல்றபடி செய்யும்மா. ஏன்னு அப்புறம் எழுதி அனுப்பறேன்" என்று சொல்லி வைத்தேன். போனில் சொல்லி முடிக்கிற கதை இல்லை அது.

நான் கம்ப்யூட்டர் படித்தவன் அல்ல. புதுவாயலிலிருந்து சைக்கிளில் போய் ஸ்டோர்ஸில் டைப் அடித்துக்கொண்டிருந்தவன். டைப்ரைட்டரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கம்ப்யூட்டரை வைத்தார்கள். என்னை எடுக்க மறந்துவிட்டார்கள் என்று நினைக்கிறேன். சென்னையில் சில வாரங்கள் பயிற்சி கொடுத்தார்கள். அங்கே நான் கற்றுக்கொண்டதில் பாதி, எந்தக் கடையில் நாஷ்டா நன்றாக இருக்கும் என்பது. மீதிப் பாதியை வைத்துக்கொண்டு ராஜலட்சுமி மேடத்தின் கீழ் வந்து சேர்ந்தேன்.

மேடம் எனக்குப் பத்து வயது இளையவர். திருப்பாச்சூர்க்காரர். தினமும் கம்பெனி பஸ்ஸில் அவ்வளவு தூரம் வந்து இறங்குவார். நெற்றியில் அந்த ஊர் சிவன் கோயில் விபூதி கலையாமல் இருக்கும். சத்தம் போட மாட்டார். சிரிக்கவும் மாட்டார் என்றுதான் முதலில் நினைத்தேன். இரண்டாயிரத்தின் தொடக்கத்தில், எங்கள் பக்கத்துக் கம்பெனிகளில் லினக்ஸ் என்றால் ஏதோ மருந்துப் பெயரா என்று கேட்ட காலத்தில், ஷாப்பில், அதாவது இயந்திரங்கள் ஓடும் கூடத்தில், இருந்த கம்ப்யூட்டர்களை எல்லாம் லினக்ஸுக்கு மாற்றியவர் அவர்.

லினக்ஸில் எல்லா அதிகாரமும் உள்ள கணக்குக்கு ரூட் என்று பெயர். புதிதாக ஒரு மென்பொருளை ஏற்ற வேண்டுமென்றால் ரூட்டாகத்தான் உள்ளே போக வேண்டும். ரூட் எதைச் சொன்னாலும் மிஷின் செய்யும். மொத்தத்தையும் அழி என்றாலும் மறுபேச்சில்லாமல் அழிக்கும். அந்த பாஸ்வேர்டு மேடத்திடம் மட்டுமே இருந்தது. எல்லாக் கம்பெனியிலும் அப்படித்தான். ஆனால் அதைப் பயன்படுத்த மேடம் வைத்திருந்த முறையை நான் வேறெங்கும் பார்க்கவில்லை.

ஓடிக்கொண்டிருக்கும் மிஷினில் எதையாவது ஏற்ற வேண்டுமா? அலுவலகத்தில் உட்கார்ந்தபடியே செய்யலாம், கேபிள் இருக்கிறது. மேடம் செய்ய மாட்டார். எழுந்து, ஷாப்புக்கு நடந்து, அந்த மிஷினை நம்பி யார் வேலை செய்கிறாரோ அவர் பக்கத்தில் போய் நிற்பார். பாஸ்வேர்டை அடிப்பார். திரையில் ரூட் என்று சிவப்பு எழுத்தில் வரும். சிவப்பாக வரும்படி வைத்ததும் அவர்தான். கட்டளையை அடித்துவிட்டு, கீபோர்டிலிருந்து இரண்டு கைகளையும் எடுத்து மடியில் வைத்துக்கொள்வார். அப்புறம் தமிழில் வாய்விட்டுச் சொல்வார்: இதைச் செய்யப் போகிறேன், நல்லபடியாக நடந்தால் இப்படி ஆகும், கெட்டுப்போனால் இன்னது போகும், செய்யட்டுமா? அந்த ஆபரேட்டர் சரி என்று சொல்லி, தன் கையால் என்டரை அழுத்த வேண்டும். அதுவரை எதுவும் நடக்காது.

கேன்டீன் நடத்திய பழவேற்காடு காதர் பாய் ஒருமுறை டீ கொடுக்க வந்து இதைப் பார்த்துவிட்டார். "இன்னாம்மா இது, நிக்காஹ்ல பொண்ணாண்ட சம்மதம் கேக்குற மாரி கேக்குறீங்க!" என்றார். ஷாப்பே சிரித்தது. மேடம் சிரிக்கவில்லை. "அதே மாதிரிதான் பாய். அங்கயும் கேக்காம செஞ்சா செல்லாது இல்ல?" என்றார்.

சம்மதம் கேட்பது வெறும் சடங்கு என்றுதான் நானும் நினைத்தேன். ஒரு நாள் உலையை ஓட்டும் ஃபர்னஸ் ஆபரேட்டர், "இன்னிக்கு வேணாம் மேடம், உள்ள லோடு கீது" என்றார். மேடம் ரூட்டிலிருந்து வெளியே வந்து, சிவப்பு எழுத்தை மூடிவிட்டுத் திரும்பி நடந்தார். அன்றைக்கே ஏற்றியாக வேண்டும் என்று ஜெனரல் மேனேஜர் சொல்லியிருந்தார். "ஒரு ஆபரேட்டர் வேணாம்னு சொன்னா விட்டுடுவீங்களா?" என்று அவர் கத்தியது வராண்டா வரைக்கும் கேட்டது. மேடம் சொன்ன பதிலும் கேட்டது. "பாஸ்வேர்டு என்கிட்ட இருக்கு சார். பர்மிஷன் அவர்கிட்டதான் இருக்கு. கெட்டுப்போனா நிக்கப்போறது அவரோட வேலை."

இனி யேசுதாஸைச் சொல்ல வேண்டும்.

யேசுதாஸ் எளாவூர்க்காரன். கம்ப்யூட்டர் கட்டளைப்படி இரும்பைக் கடையும் சிஎன்சி இயந்திரத்தில் காண்ட்ராக்ட் ஆள். எட்டு வருஷமாகக் காண்ட்ராக்ட். அவனுக்குப் பின்னால் வந்தவர்கள் நிரந்தரமாகி, வீட்டுக் கடன் வாங்கி, மாடியும் எழுப்பிவிட்டார்கள். அவன் மட்டும் ஒவ்வொரு தடவையும் காண்ட்ராக்டை நீட்டிப்பார்களா என்று காத்திருந்தான். அந்த வருஷம் வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றுக்கு ஒரு வால்வின் உடல்பாகத்தைக் கடைந்து காட்ட வேண்டியிருந்தது. ஆயுத பூஜை விடுமுறை முடிந்ததும் அவர்கள் நேரில் வந்து பார்ப்பதாக ஏற்பாடு. ஜெனரல் மேனேஜர் யேசுதாஸைக் கூப்பிட்டு, "அவங்க முன்னாடி பீஸ் சரியா வந்தா நீ பர்மனன்ட். இல்லன்னா காண்ட்ராக்டே இதோட முடியுது" என்று சொல்லிவிட்டார்.

அவன் பல வாரங்கள் அதைக் கடைவதற்கான புரோகிராமோடு மல்லுக்கட்டினான். எவ்வளவு வேகம், எவ்வளவு ஆழம், எந்த இடத்தில் கத்தி நிதானிக்க வேண்டும் என்று திருத்தித் திருத்தி, ஷாப்பில் இருந்த லினக்ஸ் கம்ப்யூட்டரில் சேமித்து வைத்தான். அங்கிருந்துதான் கேபிள் வழியாக இயந்திரத்துக்குப் போகும். மேடம் சனிக்கிழமைதோறும் அந்தக் கம்ப்யூட்டரிலிருந்து நகல் எடுப்பார். ஆனால் வேறு ஷிப்டுக்காரர்கள் கை பட்டு மாற்றிவிடுவார்களோ என்று பயந்து, யேசுதாஸ் தன் வேலையை ஒரு மூலையில் தனியாக வைத்திருந்தான். நகல் அந்த மூலைக்குப் போகவில்லை.

பூஜைக்கு முந்தைய நாள் காலை அந்தக் கம்ப்யூட்டரின் ஹார்டு டிஸ்க், கல் மாட்டிய மாவு மிஷின் மாதிரி சத்தம் போட்டுப் படுத்துவிட்டது.

கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாக வந்த லைவ் சிடி ஒன்று மேடத்திடம் இருந்தது. ஹார்டு டிஸ்கின் உதவி இல்லாமல் சிடியிலிருந்தே லினக்ஸ் ஓடும். அதைப் போட்டு மிஷினைக் கிளப்பினோம். டிஸ்க் முனகிக்கொண்டே சுழன்றது. கெட்டுப்போன டிஸ்கிலிருந்து கிடைத்தவரை சுரண்டி எடுக்கும் மென்பொருள் அந்த சிடியில் இல்லை. இணையத்திலிருந்து இறக்கி ஏற்ற வேண்டும். ஏற்றுவதற்கு ரூட் வேண்டும். நான் கட்டளையை அடித்தேன். பாஸ்வேர்டு கேட்கவில்லை. லைவ் சிடியில் அப்படித்தான். யார் வேண்டுமானாலும் ரூட் ஆகலாம்.

எனக்கு ஒரே குஷி. அடுத்ததை அடிக்கப் போனேன். "சம்பத் சார், கையை எடுங்க" என்றார் மேடம். "கதவுல பூட்டு இல்லன்னு உள்ள போயிடறதா? யேசுதாஸைக் கூப்பிடுங்க."

யேசுதாஸ் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டே வந்தான். மேடம் எதையும் மறைக்கவில்லை. டிஸ்க் சாகக் கிடக்கிறது. இப்படியே ஓடவிட்டு எல்லாவற்றையும் வெளியே இன்னொரு டிஸ்குக்கு இழுக்கப் பார்க்கலாம். நாளை வரைக்கும் ஆகலாம். இழுக்கும்போதே செத்துப் போகவும் வாய்ப்பிருக்கிறது. நடுவில் கரண்ட் போய் டிஸ்க் சுழல்வது நின்றால் அநேகமாக மறுபடி சுழலாது. இல்லையென்றால் இப்போதே அணைத்து, சென்னையில் இதற்கென்று இருக்கும் ஆட்களிடம் கொடுக்கலாம். பூஜை விடுமுறை, அவர்கள் எப்போது திருப்பித் தருவார்கள் என்று தெரியாது. "உங்க வேலை. நீங்கதான் சொல்லணும்."

அவன் குனிந்து டிஸ்கின் சத்தத்தைக் கேட்டான். "இஸ்துடலாம் மேடம்" என்று சொல்லி என்டரை அழுத்தினான். என்டர் பட்டனில் கொஞ்சம் கிரீஸ் ஒட்டியது.

மறுநாள் முற்பகலில் பூஜை. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஆயுத பூஜை என்றால் எல்லா இயந்திரமும் நிற்க வேண்டும். கழுவித் துடைத்து, சந்தனமும் குங்குமமும் வைத்து, வாழைக்கன்று கட்டி, ஓய்வு கொடுக்க வேண்டும். ஷாப்பின் மெயின் ஸ்விட்சை இறக்குவது எலக்ட்ரீஷியன் முனுசாமி அண்ணனின் உரிமை. குளித்து, புது வேட்டி கட்டி, கற்பூரம் கொளுத்திவிட்டுத்தான் இறக்குவார். அந்த ஒரு நாள் ஓய்வு கொடுக்காத இயந்திரம் அந்த வருஷத்துக்குள் யார் விரலையாவது கேட்கும் என்பது அவர் நம்பிக்கை. அவருக்கு இடது கையில் ஒரு விரல் பாதிதான் இருந்தது. ஆகவே யாரும் அவரிடம் வாதாட மாட்டார்கள்.

பிரதி எடுப்பது இன்னும் முடியவில்லை. நான் அவரிடம் ஓடினேன். "அண்ணே, அந்த ஒரு கம்ப்யூட்டர் லைன மட்டும் வுட்டுடுங்க."

"இன்னாத்துக்கு? எல்லாம்தானே நிக்கணும்?"

"அது உசுருக்குப் போராடிக்கினு கீது. நிறுத்துனா யேசுதாஸ் வேல போயிடும் ண்ணே."

அவர் வந்து பார்த்தார். கம்ப்யூட்டர் பெட்டியின் மேல் கையை வைத்து, உள்ளே அது இழுத்து இழுத்துச் சுழல்வதை உணர்ந்தார். நாத்திகம் பேசுகிறேன் என்று என்னைத் திட்டுவாரோ என்று நின்றுகொண்டிருந்தேன். "ஆசுபத்திரில ஆப்ரேசன் நடந்துனு இருந்தா, ஆயுத பூஜைன்னு டாக்டரு கத்திய கீழ வச்சுடுவானா? அது ஓடட்டும், சாமி கோச்சுக்காது" என்றார். அந்த லைனை மட்டும் தனியாகப் பிரித்து, ஸ்விட்சில் சிவப்புத் துணி கட்டி, யாரும் தொடாதபடி பக்கத்திலேயே ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டார். பூஜையை அங்கிருந்தே கும்பிட்டார். அவரை நினைத்தால் இன்றும் எனக்குக் கண் கலங்கும்.

ஷாப் முழுக்க நிசப்தம். ஊதுபத்திப் புகை. மேடம் பட்டுப்புடவையில், கிண்ணத்தில் சந்தனத்தோடு ஒவ்வொரு இயந்திரமாகப் பொட்டு வைத்துக்கொண்டு வந்தார். பின்னாலேயே ஜெனரல் மேனேஜர், அவருக்குப் பின்னால் நாங்கள் எல்லோரும். லேத்துக்கு வைத்தார். சிஎன்சிக்கு வைத்தார். கம்ப்யூட்டரிடம் வந்தார். கண்ணை மூடி ஒரு நிமிஷம் வேண்டிக்கொண்டார். யேசுதாஸுக்காகத்தான் வேண்டியிருப்பார். கட்டைவிரல் நிறையச் சந்தனம் எடுத்து, பெட்டியின் நடு நெற்றியில் அழுத்தி வைத்தார்.

அந்தக் காலத்துப் பெட்டிகளில் நடு நெற்றியில் இருந்தது பவர் பட்டன்.

நான் "மேடம்!" என்று கத்தினேன். தாமதம். பட்டன் அழுந்தி மிஷின் தன்னை மூடத் தொடங்கிவிட்டது; திரையில் வரிவரியாக ஒவ்வொரு வேலையும் நின்றுகொண்டு வந்தது. பிரதி எடுப்பது நின்றது. சிடி டிரே தானாக வெளியே நீட்டிக்கொண்டு வந்தது. கடைசியாக ஒரு வரி நின்றது: சிடியை எடுத்துவிட்டு என்டரை அழுத்தவும்.

அழுத்தினால் கரண்ட் முழுதாக அணைந்துவிடும். டிஸ்க் நின்றுவிடும்.

வேறெந்தக் கம்பெனியாக இருந்தாலும் பதற்றத்தில் யாராவது ஒருவர் அந்த என்டரைத் தட்டியிருப்பார்கள். மனிதர்கள் அப்படித்தான்; திரை எதைச் சொல்கிறதோ கை அதைச் செய்துவிடும். எங்கள் ஷாப்பில் ஒரு கையும் நீளவில்லை. வருஷக்கணக்காக, சொல்லாமல் என்டரை அழுத்தக் கூடாது என்று மேடம் எங்களைப் பழக்கியிருந்தார். அத்தனை பேரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றோம்.

மேடம் பெட்டியின்மேல் காதை வைத்தார். பட்டுப்புடவையெல்லாம் சந்தனம். "சுத்துது. இன்னும் சுத்துது" என்றார். நிமிர்ந்தபோது முகம் வெளிறியிருந்தது. ஜெனரல் மேனேஜர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மேடம் அவரைப் பார்க்கவில்லை. கூட்டத்தில் யேசுதாஸைத் தேடி, நேராக அவன் முன்னால் போய் நின்றார்.

"யேசுதாஸ், தப்பு என்னோடது. எல்லாருக்கும் கேட்டுட்டு செய்யணும்னு சொல்ற நான், உங்களைக் கேக்காம கை வச்சுட்டேன்."

ஒரு துறைத் தலைவர், அத்தனை தொழிலாளர்களுக்கும் முதலாளி ஆட்களுக்கும் நடுவில், காண்ட்ராக்ட் ஆள் ஒருவனிடம் தப்பு என்னுடையது என்று சொல்லி, நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

அப்புறம் அவர் அதே பழைய குரலில், கைகளைச் சேர்த்து வைத்துக்கொண்டு சொன்னார். டிஸ்க் இன்னும் நிற்கவில்லை. சிடியை மறுபடி உள்ளே தள்ளி, என்டருக்குப் பதிலாக ரீசெட் பட்டனை அழுத்தினால் கரண்ட் போகாமலே மிஷின் புதிதாகத் தொடங்கும். ஏற்றிய மென்பொருள் போய்விட்டது, மறுபடி ஏற்ற வேண்டும். எதுவரைக்கும் இழுத்தோம் என்ற குறிப்பு வெளி டிஸ்கில் பத்திரமாக இருக்கிறது, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஆனால் ரீசெட்டின் அதிர்ச்சியில் டிஸ்க் படுத்துவிட்டால் அத்தோடு முடிந்தது. "செய்யட்டுமா? வேண்டாம்னு சொன்னா இப்படியே விட்டுட்டு வேற வழி யோசிக்கலாம்."

எனக்கு யேசுதாஸ் அழுதுவிடுவான் என்று தோன்றியது. பேசியபோது குரல் தெளிவாகத்தான் இருந்தது.

"எட்டு வருசமா இங்க கீறேன் மேடம். ஓவர்டைம் செய்யின்னா செஞ்சேன், போடான்னா போனேன். ஒரு வார்த்த என்னாண்ட யாரும் கேட்டதில்ல. நேத்தும் நீங்க கேட்டீங்க, இன்னிக்கும் கேக்குறீங்க." நிறுத்திவிட்டு, வேட்டி கட்டி வந்திருந்தவன் அதன் நுனியில் கையைத் துடைத்துக்கொண்டான். "போனா போவுது மேடம். நானே அழுத்துறேன்."

முனுசாமி அண்ணன் ஸ்டூலிலிருந்தே கற்பூரத்தைத் தூக்கிக் காட்டினார். யேசுதாஸ் சிடியை உள்ளே தள்ளினான். சிலுவை போட்டுக்கொண்டான். ரீசெட்டை அழுத்தினான்.

டிஸ்க் ஒருமுறை பெரிதாகக் கரகரத்தது. பின் பழையபடி முனகிக்கொண்டு சுழன்றது. திரையில் எழுத்துகள் வந்தன. மறுபடியும் பாஸ்வேர்டு கேட்காத ரூட். நான் கட்டளையை அடித்துவிட்டுக் கைகளை மடியில் வைத்துக்கொண்டு, இன்னது செய்யப் போகிறேன் என்று சத்தமாகச் சொன்னேன். யேசுதாஸ் சரி என்றான், என்டரை அழுத்தினான். மென்பொருள் ஏறியது; பிரதி விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. ஷாப்பில் அன்றைக்கு ஓடியது அது ஒன்றுதான்.

பூசணிக்காய் உடைத்து, பொரியும் சுண்டலும் தின்று, எல்லோரும் வீட்டுக்குப் போகவேண்டிய நேரத்தில் யாருமே போகவில்லை. சுற்றி உட்கார்ந்திருந்தோம். மாலையில் பிரதி முடிந்தது. டிஸ்கில் சில பகுதிகள் கடைசிவரை படிக்கவே முடியவில்லை. பழைய வரைபடங்கள் சில போயின. முந்தைய வருஷத்து ஆயுத பூஜை போட்டோக்கள் மொத்தமும் போயின. அதில்தான் நான் ஒல்லியாக இருந்தேன். யேசுதாஸின் மூலை முழுசாக வந்துவிட்டது. மேடம் அப்புறம்தான் டிஸ்கை அணைக்கச் சொன்னார். அது மறுபடி சுழலவே இல்லை.

விடுமுறை முடிந்து வெளிநாட்டுக்காரர்கள் வந்தார்கள். அவர்கள் முன்னால் பீஸ் கச்சிதமாக வந்தது. நிரந்தர ஆணை உடனே வந்துவிடவில்லை. இன்றைக்கு, நாளைக்கு என்று இழுத்தடித்தார்கள். மேடம் வாரந்தோறும் ஜெனரல் மேனேஜர் அறைக்குப் போய்ப் போய் நின்றார். பொங்கலுக்கு முன் வந்தது. யேசுதாஸ் எளாவூரிலிருந்து தன் அப்பாவை அழைத்து வந்தான். அந்தப் பெரியவர் மேடத்தைப் பார்த்து ஒன்றும் சொல்லத் தெரியாமல் கும்பிட்டபடி நின்றார். "நைனா, இவுங்கதான்" என்றான் யேசுதாஸ். வேறொன்றும் சொல்லவில்லை. மேடம் அன்றைக்குத்தான் முதன்முதலாக எங்கள் எல்லோர் முன்னாலும் சிரித்தார்.

அடுத்த வருஷப் பூஜையில் மேடம் சந்தனக் கிண்ணத்தோடு அந்தக் கம்ப்யூட்டரிடம் வந்து நின்றார். கையைப் பின்னால் வைத்துக்கொண்டார். "யேசுதாஸ், வெக்கட்டுமா?"

"வைங்க மேடம். நெத்தியாண்ட மட்டும் வேணாம்."

ஷாப்பே அதிரும்படி சிரித்தோம். பெட்டியின் தோளில் பொட்டு வைத்தார். அவர் கம்பெனியில் இருந்தவரை ஒவ்வொரு வருஷமும் கேட்டுவிட்டுத்தான் வைத்தார்.

மேடம் இன்று இல்லை. ஸ்டோர்ஸில் டைப் அடித்துக்கொண்டிருந்த எனக்கு ஒரு தொழிலையும், அந்தத் தொழிலில் தலை நிமிர்ந்து நிற்க ஒரு முறையையும் கொடுத்துவிட்டுப் போனவர். அதற்கு நன்றி சொல்லும் சந்தர்ப்பத்தை நான் தள்ளிக்கொண்டே போனேன். அவரும் கேட்டு வாங்குகிற ஆள் இல்லை. ஆகவே இங்கே எழுதுகிறேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே கார்த்திகா செய்தி அனுப்பியிருக்கிறாள். அந்த ஆபரேட்டரிடம் எல்லாவற்றையும் வாயால் சொன்னாளாம். அவர் பொறுமையாகக் கேட்டாராம், கெட்டுப்போனால் என்ன ஆகும் என்று இரண்டு தடவை கேட்டாராம், அப்புறம் தானே என்டரை அழுத்தினாராம். மென்பொருள் ஏறிவிட்டதாம். "ஆனா சார், முடிஞ்சதும் கண்ணத் தொடச்சுக்கினாரு. பேரு கேட்டேன், யேசுதாஸ்னாரு. யாரு சார் அவரு?"